பழைய நிரலைப் பதிப்பிப்பது யார்?

புது தில்லியில் கோல் மார்க்கெட் என்ற பெயரிலேயே ஒரு சிறு பிழை ஒளிந்திருக்கிறது. இந்தியில் 'கோல்' என்றால் வட்டம். சாலைச் சந்திப்பின் நடுவே 1921இல் எழுந்த அந்த அங்காடிக் கட்டடமோ பன்னிரண்டு பக்கங்கள் கொண்டது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது வட்டமாகத் தெரியும். சுற்றி நடந்து எண்ணுபவருக்குத்தான் பக்கங்கள் தெரியும். பல்லாண்டுகள் அங்கே இயங்கிய கடைகள் காலி செய்யப்பட்டு, கட்டடத்தை அருங்காட்சியகமாக மாற்றும் திட்டத்தைப் புது தில்லி நகராட்சி மன்றம் எடுத்துக்கொண்டது. அந்தத் திட்டத்தின் நியாயம் தனியே பேச வேண்டியது. ஆனால் நூறாண்டு பழைய கட்டடத்தில் கைவைப்பவர் முதலில் அளக்க வேண்டும், எந்தச் சுவர் சுமை தாங்குகிறது என்று அறிய வேண்டும், செய்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எல்லாச் சுவரையும் ஒரே நாளில் இடித்துப் புதுச் செங்கல் வைக்கும் இயந்திரம் ஒன்று கிடைத்தாலும் பொறுப்புள்ள பொறியாளர் எவரும் அதை அங்கே ஓட்டமாட்டார்.

கல்விக்கூடங்களில் நிரலுக்கு மட்டும் இந்த மரியாதை கிடைப்பதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவர் எழுதிவிட்டுப் போன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு அடுத்து வரும் மாணவரின் கைக்கு வருகிறது. அதில் 'வார்' என்று அறிவிக்கப்பட்ட மாறிகள் இருக்கின்றன. நீண்ட செயற்கூறுகள் இருக்கின்றன. கூட்டல் குறியால் ஒட்டிய சரங்கள் இருக்கின்றன. "இது பழைய தொடரியல், ஒரு கருவியை ஓட்டி நவீனமாக்கிவிடு" என்ற அறிவுரை உடனே வருகிறது. கருவி ஓடுகிறது, சில நொடிகளில் ஆயிரக்கணக்கான வரிகள் மாறுகின்றன, பக்கம் திறக்கிறது, வரைபடம் தெரிகிறது, வேலை முடிந்ததாக அறிவிக்கப்படுகிறது. அந்த நொடிகளில் நடந்தது என்ன என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் எழுப்புவதில்லை.

இந்தப் பழக்கத்துக்கு அடியில் ஒரு தவறான கருத்து கிடக்கிறது. தொடரியல் என்பது வெறும் உடை, உடையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை என்பதே அது. தமிழ் படித்தவர்கள் இந்தக் கருத்தை மற்றவர்களைவிட எளிதில் சோதித்துப் பார்க்க முடியும். ஏனெனில் தமிழெழுத்தின் வரலாற்றில் இருவகை மாற்றங்களும் நடந்திருக்கின்றன.

முதல் வகை, 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் கையாண்ட வடிவங்கள் அரசாணையாயின. துதிக்கை போல வளைந்த பழைய ணை, லை, ளை, னை வடிவங்களும், சுழித்து எழுதிய ணா, றா, னா வடிவங்களும் போய் இன்றைய வடிவங்கள் வந்தன. அந்த மாற்றத்தில் ஒரு பழைய வடிவத்துக்கு ஒரே ஒரு புதிய வடிவம்தான் உண்டு. அச்சுக்கோப்பவர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம், சொல்லின் பொருளை அறிய வேண்டியதில்லை. இதற்கு இயந்திரம் போதும். மனிதரைவிட இயந்திரமே மேல்.

இரண்டாம் வகை, ஏட்டுச்சுவடியை அச்சுக்குக் கொண்டுவந்த வேலை. சுவடியில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும். சொற்களுக்கு இடையே வெளியும் கிடையாது. கெடு, கேடு ஆகிய இரண்டும் ஒரே வடிவில் கிடக்கும் ஏட்டில், எது எங்கே பொருந்தும் என்று சொல்ல யாப்பும் உரையும் பிற சுவடிகளும் தெரிந்த ஒருவர் வேண்டும். சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் செய்தது அந்த வேலையைத்தான். பல படிகளை ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார், தம் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்றார். அதற்குப் பதிப்பு என்று பெயர்.

பழைய ஜாவாஸ்கிரிப்டைப் புதிதாக மாற்றும்போது இந்த இரண்டு வகை வேலைகளும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. கருவியின் விசையை அழுத்துபவர் எல்லாமே முதல் வகை என்று நினைத்துக்கொள்கிறார். பிழை அங்கேதான் பிறக்கிறது.

சில எடுத்துக்காட்டுகளால் இதை விளக்கலாம். ஒரு பழைய நிரலில் எழுத்துத் தேர்வு மதிப்பெண், அகமதிப்பீட்டு மதிப்பெண், 'மதிப்பெண்' என்ற சொல் ஆகிய மூன்றையும் கூட்டல் குறியால் இணைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். முதலாவது 40, இரண்டாவது 35. ஜாவாஸ்கிரிப்ட் இடமிருந்து வலமாகச் செல்லும். முதலில் இரு எண்களைக் கூட்டும். பிறகு சொல்லை ஒட்டும். விடை '75 மதிப்பெண்'. இதையே நவீன வார்ப்புருச் சரமாக, ஒவ்வொரு மாறியையும் தனித்தனியே பொதிந்து கவனமின்றி மாற்றினால் விடை '4035 மதிப்பெண்' ஆகிவிடும். இந்தப் பிழை கண்ணில் படும். அதனால் பெரிய ஆபத்து இல்லை. கண்ணில் படாத பிழைகளே அஞ்சத்தக்கவை.

ஓர் அட்டவணையில் துறையின் பெயர் முதல் வரிசையில் மட்டும் எழுதப்பட்டு, அதன்கீழ் உள்ள வரிசைகளில் வெற்றிடமாக விடப்பட்டிருப்பது எல்லாரும் கண்ட வழக்கம். அதைப் படிக்கும் பழைய நிரல், சுழற்சிக்குள் 'வார்' கொண்டு துறை என்ற மாறியை மதிப்பு எதுவும் கொடுக்காமல் அறிவித்திருக்கிறது. வரிசையில் பெயர் இருந்தால் மாறியில் அது ஏறும், இல்லையென்றால் முந்தைய சுற்றின் பெயரே நீடிக்கும். ஏனெனில் 'வார்' செயற்கூறு முழுவதற்கும் உரியது. சுழற்சி மீண்டும் வரும்போது அதன் மதிப்பு அழிவதில்லை. இந்த 'வார்' என்ற ஒரு சொல்லை 'லெட்' என்று மாற்றிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் மாறி புதிதாகப் பிறக்கும், வெறுமையாகத் தொடங்கும். முதல் வரிசைக்கு மட்டும் துறை இருக்கும். மற்றவை துறையற்றுப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது, நிரல் நிற்காது. துறைவாரியாக எண்ணிய வரைபடம் மட்டும் பொய் சொல்லும். இங்கே 'வார்' சுமை தாங்கும் சுவர். எழுதியவர் அதை அறிந்து எழுதினாரா, தற்செயலாக அமைந்ததா என்பது வேறு. சுமை அதன்மேல் இருக்கிறது என்பதே செய்தி.

மூன்றாவது எடுத்துக்காட்டு அறம் சார்ந்தது. மதிப்பு தரப்படாவிட்டால் இயல்பாக 35 என்று எடுத்துக்கொள்ள, பழைய நிரலர்கள் 'அல்லது' குறியைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குறி பூச்சியத்தையும் 'இல்லை' என்றே கொள்ளும். எனவே உண்மையாகவே 0 என்று தரப்பட்டாலும் அது 35 ஆகும். நவீன இயல்பளவுருவோ மதிப்பு தரப்படாதபோது மட்டுமே 35ஐ எடுக்கும். பூச்சியத்தைப் பூச்சியமாகவே விடும். மாற்றம் ஒரு பழைய பிழையைத் திருத்திவிட்டது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பழைய நிரலைக் கொண்டு ஓர் ஆய்வேடு ஏற்கெனவே வெளிவந்திருக்கிறது. அதன் எண்களை இனி ஒருவராலும் திரும்பப் பெற முடியாது. ஏன் பெற முடியவில்லை என்றும் தெரியாது. ஆய்வில் பிழை இருந்தால் அதைப் பிழை என்று அறிவித்துத் திருத்துவதே முறை. 'தொடரியலை மட்டும் மாற்றினோம்' என்ற குறிப்பின் கீழ் அந்தத் திருத்தம் ஒளிந்துகொள்வது, நல்லெண்ணத்தோடு நடந்தாலும் சான்றை அழிப்பதுதான்.

டி3 நூலகத்தில் வரைபடம் எழுதியவர்கள் நான்காவது எடுத்துக்காட்டை நேரில் கண்டிருப்பார்கள். அங்கே செயற்கூறுக்குள் 'திஸ்' என்ற சொல், சொடுக்கப்பட்ட வட்டத்தையோ பட்டையையோ சுட்டும். செயற்கூறை அம்புச் செயற்கூறாக மாற்றினால் அதற்குச் சொந்தமாக ஒரு 'திஸ்' இல்லாததால், அது வெளியில் இருக்கும் வேறொன்றைச் சுட்டும். ஐந்தாவதாக, 'ரிக்வயர்' என்று இருந்ததை 'இம்போர்ட்' என்று மாற்றினால் கோப்பு முழுவதும் தானாகவே கண்டிப்பு முறைக்குள் நுழைகிறது. அறிவிக்காத மாறிக்கு மதிப்புத் தருவது நேற்று வரை செல்லும், இன்று பிழை. ஒரு வரி மாறியதால் அந்தக் கோப்பின் எல்லா வரிகளும் வேறொரு சட்டத்தின் கீழ் வந்துவிடுகின்றன.

இவற்றைச் சொன்னால் "கருவிகள் அவ்வளவு முட்டாள்தனமானவை அல்ல" என்ற பதில் வரும். அது உண்மைதான். வழக்கும் கருவிகள்மேல் இல்லை. புதிய தொடரியலைப் பழைய உலாவிகளுக்காகப் பழையதாக்கும் பேபல் என்ற கருவியின் பெயரைத் திருப்பிப்போட்டு, எதிர்த்திசையில் வேலைசெய்யும் கருவிக்கு லெபாப் என்று பெயர் வைத்தார்கள். அதன் ஆவணம் மாற்றங்களைப் பாதுகாப்பானவை, பாதுகாப்பற்றவை என்று இரண்டாகவே பிரித்து வைத்திருக்கிறது. 'வார்' இருக்குமிடத்தில் 'லெட்' வைப்பதும், கிளாஸ் ஆக்குவதும், வார்ப்புருச் சரமும், இயல்பளவுருவும் அங்கே பாதுகாப்பற்றவை என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கின்றன. ஈஎஸ்லின்ட் கருவி 'வார்' கூடாது என்று எச்சரிக்கும். ஆனால் சுழற்சிக்குள் மதிப்பின்றி அறிவிக்கப்பட்ட 'வார்' என்றால் தானாகத் திருத்த மறுத்துவிடும். இரட்டைச் சமக்குறியை மூன்றாக்கும் விதியிலும், இரு பக்கமும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்பது வெளிப்படையாகத் தெரியும் இடங்களில் மட்டுமே அது தானாகக் கைவைக்கும். கருவியைச் செய்தவர்களுக்குத் தம் எல்லை தெரிந்திருக்கிறது. அந்த எல்லையைப் படிக்காமல் எல்லாவற்றையும் ஒருசேர இயக்குபவர்களுக்குத்தான் தெரியவில்லை.

எல்லை தற்காலிகமானது, நாளை நல்ல கருவி வந்தால் நீங்கிவிடும் என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. கணினி அறிவியல் மாணவர்கள் முதலாண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ படிக்கும் ஒரு தேற்றம் இந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்காது. நிரலின் நடத்தையைப் பற்றிய, அற்பமல்லாத எந்தப் பண்பையும் எல்லா நிரல்களுக்கும் பொதுவாகத் தீர்மானிக்கும் வழிமுறை இருக்க முடியாது என்று ரைஸ் 1953இல் வெளியிட்டார். இரு நிரல்கள் ஒன்றுபோல நடக்குமா என்ற கேள்வியும் இதே தடைக்குள் அடங்கும். தனிப்பட்ட பல நிரல்களுக்கு விடை காணலாம். எல்லாவற்றுக்கும் காணும் இயந்திரம் கிடையாது. தேர்வில் இந்தத் தேற்றத்தை நிறுவி மதிப்பெண் வாங்கியவரே ஆய்வுக்கூடத்தில் 'எல்லாம் மாற்று' என்று விசையை அழுத்துவது விந்தை.

பைத்தான் உலகம் இதே பாடத்தைக் கற்றது. இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு மாற்ற '2டு3' என்ற கருவி இருந்தது. அச்சிடும் கட்டளையை அது செம்மையாக மாற்றியது. ஆனால் 7ஐ 2ஆல் வகுத்தால் பழைய பதிப்பில் 3, புதிய பதிப்பில் 3.5. வகுத்தல் குறியின் இருபுறமும் முழு எண்களா என்பது ஓடும்போதுதான் தெரியும். ஆகவே கருவி அதைத் தொடாமல் விட்டது. பார்க்க வேண்டியவர் மனிதர். பைத்தான் இரண்டின் ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்ததால் அங்கே மாற்றியே ஆக வேண்டிய கட்டாயமாவது இருந்தது.

ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் கட்டாயமும் இல்லை. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் உருவாக்கிய மொழி அது. 1997இல் தரப்படுத்தப்பட்டது, 2015இல் வந்த ஆறாம் பதிப்பு 'லெட்', அம்புச் செயற்கூறு, கிளாஸ் முதலியவற்றைத் தந்தது. ஆனால் 'வார்' நீக்கப்படவில்லை. பழைய பக்கங்களை உடைக்கக் கூடாது என்பதை மொழிக்குழு ஏறத்தாழ ஒரு விரதமாகவே காத்துவருகிறது. 2018இல் 'ஃபிளாட்டன்' என்ற புதிய வசதியைச் சேர்க்க முனைந்தபோது, மூடூல்ஸ் என்ற பழைய நூலகத்தை நம்பிய பக்கம் உடைவது தெரியவந்தது. பெரும் விவாதத்துக்குப் பின் வசதியின் பெயரையே 'ஃபிளாட்' என்று மாற்றினார்கள். உலகெங்கும் ஓடும் ஒரு மொழி, எப்போதோ எழுதி மறந்த பக்கங்களுக்காகத் தன் சொல்லையே மாற்றிக்கொண்டது. பழைய நிரல் இன்றும் ஓடுகிறது, நாளையும் ஓடும். ஆகவே 'மாற்றாவிட்டால் நின்றுவிடும்' என்ற அச்சம் தொடரியலைப் பொறுத்தவரை ஆதாரமற்றது. நூலகப் பதிப்புகளும் பாதுகாப்புக் குறைகளும் உண்மையான சிக்கல்கள்தாம். அவற்றுக்கும் 'வார்' என்ற சொல்லுக்கும் தொடர்பில்லை.

அப்படியானால் மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்வது முடிவைப் பிழையாக எடுப்பதாகும். மாற்றுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. 2015க்குப் பின் கற்றவர்களுக்குப் பழைய நடை படிக்கக் கடினம். படிக்க முடியாத நிரலைச் சரிபார்க்கவும் முடியாது. 'லெட்' எல்லையைச் சுருக்குவதால் பல பிழைகளைத் தடுக்கிறது என்பதும் மெய். கையால் மாற்றினால் பிழையே வராது என்பதும் கற்பனை. ஆயிரம் வரிகளைக் கையால் மாற்றும் மாணவர் களைத்துப்போய்ச் செய்யும் பிழைகள், கருவி ஒரே மாதிரிச் செய்யும் பிழைகளைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானவை. எனவே கையா கருவியா என்று கேட்பதில் பயனில்லை. மாற்றியதற்கு யார் பொறுப்பு, எதைக் கொண்டு சரிபார்த்தார் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

இக்கேள்விகள் இப்போது இன்னும் கூர்மையாகியிருக்கின்றன. விதிகளால் இயங்கும் பழைய கருவி தொடரியல் மரத்தை அமைத்து, குறித்த கிளையை மட்டும் மாற்றும். அது தவறினால் எல்லா இடத்திலும் ஒரே விதமாகத் தவறும். விதியைப் படித்துத் தவற்றைக் கண்டறியலாம். மொழி மாதிரியிடம் 'இந்தக் கோப்பை நவீனமாக்கு' என்று கேட்பவருக்குக் கிடைப்பது முழுமையான மறுஎழுத்து. அது அழகாக இருக்கும், குறிப்புரையும் இருக்கும். எந்த வரியில் எதை ஏன் மாற்றியது என்பதற்குப் படித்துப் பார்க்க ஒரு விதி இராது. இரண்டாம் முறை கேட்டால் வேறு விடையும் தரலாம். ஏடெழுதுவோர் தமக்குப் புரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதிய இடங்களைப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவர். அழகான பிழை, அசிங்கமான பிழையைவிட நீண்ட நாள் வாழும்.

ஆகவே துறைகளும் நெறியாளர்களும் சில வழக்கங்களை வற்புறுத்த வேண்டும். மாற்றத்துக்கு முன், பழைய நிரல் பழைய தரவின்மேல் தரும் விடைகளைச் சேமித்துவைக்க வேண்டும். மாற்றிய பின் அவற்றோடு ஒப்பிட வேண்டும். வெற்றிடம், பூச்சியம், ஒரே வரிசை, எண்ணாக எழுதப்பட்ட சரம் ஆகியவை அந்தத் தரவில் கட்டாயம் இருக்க வேண்டும். பாதுகாப்பான மாற்றங்களை ஒரு தவணையாகவும், மற்றவற்றை ஒவ்வொரு வகைக்கும் ஒரு தவணையாகவும் பதிவு செய்ய வேண்டும். ஒரே பதிவில் பத்தாயிரம் வரிகள் மாறினால் எந்த வரியை யார், ஏன் எழுதினார் என்ற வரலாறு அந்தப் பதிவின் அடியில் புதையும். குறித்த பதிவுகளை ஒதுக்கிவிட்டு வரலாற்றைப் பார்க்கும் வசதி கிட் மென்பொருளில் 2019 முதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு. வெளியான ஆய்வோடு தொடர்புடைய பழைய நிரல் தொடப்படாமல் தன் பதிப்பெண்ணோடு காப்பகத்தில் இருக்க வேண்டும். மாற்றத்தால் ஓர் எண் மாறினாலும் அது பாடபேதமாகக் குறிக்கப்பட்டு, மாற்றியவர் பெயரோடு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற வேண்டும்.

இவை மாணவரின் நேரத்தை விழுங்கும் என்பது உண்மை. அந்த நேரத்தைத் தருவது நெறியாளரின் கடமை. ஒரு வாரம் செலவிட்டுப் பழைய நிரலைப் படித்த மாணவரை 'என்ன புதிதாகச் செய்தாய்?' என்று கேட்கும் துறை, சுவடியைப் படிக்காமல் அச்சிட்ட நூலையும் பதிப்பு என்றே ஏற்கும். பழைய நிரலைப் படிப்பதும் ஆய்வுதான். மதிப்பீட்டில் அதற்கு இடம் தராதவரை மாணவர்கள் விசையைத்தான் அழுத்துவார்கள். அவர்களைக் குறைசொல்ல ஒருவருக்கும் உரிமை இராது.

கோல் மார்க்கெட் கட்டடத்தைத் தொலைவிலிருந்து வரைந்தவர் வட்டம் என்று வரைந்திருந்தால் அதை ஒருவரும் பொய் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். பெயரும் அப்படித்தானே இருக்கிறது. ஆனால் அந்த வரைபடத்தை நம்பிச் சுவர் கட்டப் போகிறவருக்குப் பன்னிரண்டு மூலைகளிலும் இடிக்கும். மாற்றிய நிரல் ஓடுகிறது என்பதும் தொலைவிலிருந்து பார்த்த வட்டம்தான். பக்கங்களை எண்ணுவதற்குச் சுற்றி நடந்தே ஆக வேண்டும்.